பாஞ்சாலங்குறிச்சி: மேசைமேல் ஒரு மண்கோட்டை

சாத்தூர்ப் பக்கம் ஏழாயிரம்பண்ணை என்றால் இன்றைக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டாசு. மருந்துக் கலவை, மணிமருந்து, திரி, சரம் என்று சுற்றுவட்டாரப் பேச்சே அந்தத் தொழிலைச் சுற்றித்தான் ஓடுகிறது. 1799-க்கு முன்பு அது ஒரு பாளையம். வீரபாண்டிய கட்டபொம்மனோடு சேர்ந்து நின்றதற்காக நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களோடு அதையும் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக்கொண்டது. பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்துவிட வேண்டும், ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று மேஜர் பானர்மேன் உத்தரவு போட்டதும் அந்த ஆண்டில்தான். அப்படித் தரைமட்டமான கோட்டைகளில் ஒன்றான பாஞ்சாலங்குறிச்சி ஒன்றரை ஆண்டுக்குள் மறுபடி எழுந்தது. 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரம் கழித்துக் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனபோது அங்கே மதில் நின்றது, மதிலுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அதன்பின் மே 24 வரை நடந்ததை நாம் வீரம் என்ற ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறோம். வீரம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு அடியில் ஒரு பொறியியல் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்க எளிய கருவி ஒன்றும் உண்டு: ஒரு மேசை, ஒரு வரைபடத் தாள், கொஞ்சம் காய்கள், இரண்டு பகடை, ஆடுவதற்கு ஒரே ஓர் ஆள்.

போரை மேசையில் ஆடிப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்காகத் தொடங்கியது அல்ல. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் பிரஷ்ய மன்னருக்கு அப்படி ஓர் ஆட்டத்தைச் செய்து காட்டினார். அவர் மகன் 1824-இல் அதற்கு விதிநூல் எழுதினார். ராணுவ அதிகாரிகளுக்கு அது பயிற்சியாகவே ஆனது. துப்பாக்கிச் சூட்டில் எத்தனை பேர் விழுவார்கள் என்பதை அங்கே பகடைதான் சொல்லும். ஒரே தூரத்திலிருந்து ஒரே அணி இரண்டு முறை சுட்டாலும் ஒரே பலன் வராது என்ற உண்மையை விதிக்குள் கொண்டுவர அவர்களுக்குக் கிடைத்த வழி அது. நம் ஊர்த் திண்ணைகளில் கீறிவைத்த ஆடுபுலி ஆட்டமும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மூன்று புலிக்கு ஒரு விதி, பதினைந்து ஆட்டுக்கு வேறு விதி. பலத்திலும் எண்ணிக்கையிலும் சமம் இல்லாத இரு தரப்பு மோதுவதை அது கற்றுத் தருகிறது. எதிராளி இல்லாமல் ஆடும் வழக்கமும் நமக்குப் புதிது அல்ல. பல்லாங்குழியைத் தனியாக ஆடுவதற்குச் சீதைப் பாண்டி என்றே பெயர். அசோகவனத்தில் சீதை தனியே ஆடியது என்பார்கள்.

தனியாக ஆடுவது எப்படி ஆராய்ச்சி ஆகும் என்ற கேள்விக்கு 1946-இல் ஒரு பதில் கிடைத்தது. கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது ஒருவராக ஆடும் சீட்டாட்டத்தில் பொழுதைப் போக்கினார். இந்த ஆட்டம் வெற்றியில் முடிவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு கைக்குள் அடங்கவில்லை. அப்போதுதான், நூறு முறை ஆடி எத்தனை முறை ஜெயித்தோம் என்று எண்ணினால் போதுமே என்று அவருக்குத் தோன்றியது. அணு இயற்பியலிலிருந்து வானிலைக் கணிப்புவரை இன்று புழங்கும் மாண்டி கார்லோ முறையின் தொடக்கம் அந்தச் சீட்டுக்கட்டில் இருக்கிறது. ஒரு கோட்டை முற்றுகையைப் பகடையோடு திரும்பத் திரும்ப ஆடுவதும் இதே வேலைதான். வரலாறு ஒரே ஒரு முறை ஆடி ஒரே ஒரு முடிவைத் தந்திருக்கிறது. அது நடக்கக்கூடியவற்றில் அடிக்கடி வரும் முடிவா, அபூர்வமான முடிவா என்பதை அந்த ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மறுபடி மறுபடி ஆடினால்தான் தெரியும்.

ஆட்டத்துக்குக் களம் வேண்டும். முற்றுகையில் கம்பெனித் தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் கோட்டையின் அளவுகள் இருக்கின்றன. கோணல்மாணலான நீள்சதுரம், இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கம் சுமார் 300 அடி. முழுவதும் மண். மதிலின் உயரம் ஏறத்தாழ 12 அடி. சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள், அவற்றுக்கிடையே குட்டையான மதில்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி; அகழி கிடையாது. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து அடி என்று அளவு வைத்தால் மொத்தக் கோட்டையும் 50-க்கு 30 சென்டிமீட்டர். சிவகாசியில் அச்சாகும் பெரிய மாதக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டால் முள்வேலியோடு சேர்த்து அதில் அடங்கிவிடும். அந்த அளவில் மதிலின் உயரம் 1.2 சென்டிமீட்டர்தான், ஒரு விரல் நகம் அளவு. உள்ளே இருந்தவர்கள் பிடித்த ஈட்டி 18 முதல் 20 அடி என்கிறார் வெல்ஷ். தாளில் அது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். கோட்டை மதிலைவிட ஈட்டி நீளம்! எழுத்தில் படிக்கும்போது நழுவிப்போகும் இந்த விகிதம் காயை மேசையில் வைத்ததும் கண்ணில் அறைகிறது. மதில் எதிரியைத் தடுத்து நிறுத்துவதற்காக மட்டும் எழுப்பியது அல்ல, ஏறி வருபவனை ஈட்டியின் எட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதற்கும்தான் என்று அப்போது புரிகிறது.

ஒரு வாரத்தில் கோட்டை எழுந்ததை வெல்ஷ் மாயம் போல என்கிறார். இதையும் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். சுற்றளவு 1600 அடி, அதாவது சுமார் 490 மீட்டர். 12 அடி உயரம், சராசரி ஒரு மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1800 கன மீட்டர் மண். வெட்டி, சுமந்து, குழைத்து, ஏற்றி மிதிக்க ஓர் ஆளால் ஒரு நாளைக்கு அரைக் கன மீட்டர் முடியும் என்று கொண்டால், ஆறு நாளில் முடிக்க 600 பேர் வேண்டும். தடிமனை இரட்டிப்பாக்கினால் 1200 பேர். அந்த மதிலுக்குப் பின்னால் நின்றதாக வெல்ஷ் சொல்லும் எண்ணிக்கை சுமார் 1500. கண்மாய்க் கரை உடைந்தால் ஊரே திரண்டு ஒரே இரவில் அடைக்கும் வழக்கம் உள்ள நாட்டில் இது மாயம் அல்ல. மராமத்து தெரிந்த கைகள் செய்த வேலை.

இப்போது பீரங்கிக்கு வருவோம். சிவகாசிக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை: கருமருந்தைத் தரையில் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரிந்து அடங்கும், அதையே காகிதக் கூட்டில் அடைத்துச் சணல் நூலை இறுக்கிச் சுற்றினால் அணுகுண்டுப் பட்டாசாக வெடிக்கும். மருந்தைப் போலவே அதை அடைத்து வைக்கும் இறுக்கமும் வெடியைத் தீர்மானிக்கிறது. பீரங்கிக் குழல் அந்த இறுக்கத்தை ஒரு பக்கம் மட்டும் திறந்துவைத்த ஏற்பாடு. பன்னிரண்டு பவுண்டு பீரங்கியின் இரும்புக் குண்டு சுமார் 5.4 கிலோ. நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் அது கிளம்பினால் அதன் ஆற்றல் நாலே கால் லட்சம் ஜூலுக்கு மேல். இரண்டு டன் எடையுள்ள வண்டி மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். கருங்கல் மதிலில் அது பட்டால் விரிசல் ஓடும். விரிசல் அடுத்த கல்லுக்குத் தாவும். ஒரு கட்டத்தில் மதில் தன் எடையாலேயே சரியும். மண்ணில் விரிசல் அப்படி ஓடாது. குண்டு புதைந்து போகும், துகள்கள் ஒன்றோடொன்று உரசி ஆற்றலைத் தின்றுவிடும். வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி மண்மேடு எழுப்புவது இந்தக் குணத்தை நம்பித்தான். மண்கோட்டை ஏழையின் கோட்டை, வசதி இல்லாததால் கட்டியது என்ற எண்ணம் தவறு. 1805-இல் பரத்பூரின் மண்மதில்மேல் ஜெனரல் லேக் நான்கு முறை படையை ஏவினார். நான்கு முறையும் தோற்றார். பிறகு 1826-இல் அதைப் பிடிக்கச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைக்க வேண்டியிருந்தது. மண்ணுக்கு ஒரு பலவீனமும் உண்டு, அதை விதியில் சேர்க்க வேண்டும்: போதுமான அளவு சுட்டுவிட்டால் அது சரிந்து, ஏறுவதற்குத் தோதான சரிவாகிவிடும். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே அப்படி ஓர் உடைப்பை உண்டாக்கி அன்றைக்கே ஆட்களை ஏற்றினார்.

அந்த உடைப்பில்தான் கணக்கு தலைகீழாகிறது. 1916-இல் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் போருக்கு இரண்டு சமன்பாடுகள் எழுதினார். திறந்த வெளியில் எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிறபோது பலம் எண்ணிக்கையின் வர்க்கமாகப் பெருகும். 400 பேரும் 100 பேரும் சமமான துப்பாக்கியோடு மோதினால் 100 பேர் அழியும்போது மறுபக்கம் விழுவது சுமார் 13 பேர்தான். ஒருவனுக்கு எதிரே ஒருவன்தான் நிற்க முடியும் என்ற குறுகலான இடத்தில் இந்த வர்க்கம் செல்லாது. ஆளுக்கு ஆள் என்ற நேர்க்கணக்குதான். அங்கே 100 பேரை அழிக்க 100 பேரைக் கொடுக்க வேண்டும். இனி, ஈட்டியின் நீளத்தாலும் நிற்கும் இடத்தாலும் உள்ளே இருப்பவன் ஒருவன் வெளியே மூவருக்குச் சமம் என்று வைப்போம். திறந்த வெளியில் இந்தத் திறமை பெரிதாக உதவாது; 400 பேர் 40 பேரை மட்டும் இழந்து வென்றுவிடுவார்கள். உடைப்பில் அதே 400 பேர் வெல்வதற்கு 300 பேரைப் பலி கொடுக்க வேண்டும். பாதிப் பேர் விழுந்ததும் எந்தப் படையும் பின்வாங்கிவிடும் என்றால், அந்தத் தாக்குதல் தோல்விதான். ஆள் அதே, ஆயுதம் அதே. சண்டை எந்த இடத்தில் நடக்கிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

கோட்டை விழுந்தபின் உள்ளே போன வெல்ஷ் கண்டது இதை உறுதிப்படுத்துகிறது. கொத்தளங்கள் உட்குடைந்திருந்தன, உடைப்பின் உச்சியில் ஏறியவனுக்கு உட்பக்கம் கால் வைக்க இடம் இல்லை. கீழே பள்ளத்தில் நின்றவர்கள் நீண்ட ஈட்டிகளை மேல்நோக்கிக் குத்தினார்கள், பின்னால் மேட்டில் நின்றவர்கள் உடைப்பை மட்டுமே குறிவைத்துச் சுட்டார்கள். வெடிகுண்டுக்குத் தப்ப நிலத்தடிக் குழிகளில் பெண்களும் குழந்தைகளுமாக வாழ்ந்திருந்தார்கள். மார்ச் 31 அன்று ஏறிய ஐரோப்பியர் 120 பேரில் காயம் படாமல் திரும்பியவர்கள் 46 பேர் என்பது அவர் தரும் எண். துப்பாக்கி குறைவு, பீரங்கி ஒன்றிரண்டு, அதுவும் பழசு என்ற நிலையில் எதிரியின் எண்ணிக்கைப் பலத்தை வர்க்கத்திலிருந்து நேர்க்கணக்குக்கு இறக்கிய ஏற்பாடு அது. லான்செஸ்டர் எழுதுவதற்கு 115 ஆண்டுகளுக்கு முன்பு அதை மண்ணில் செய்து காட்டியவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவர்களைக் குறைத்துச் சொல்வது.

இந்த ஆட்டத்தில் ஆடுபவர் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? கோட்டைக்கு உள்ளே என்பதே என் வாதம். ஒருவர் ஆட்டங்களில் எதிராளிக்குப் பதிலாகச் சீட்டுக்கட்டு இருக்கும்; சீட்டு சொல்கிறபடி எதிரி நகர்வான். உலகெங்கும் இப்படி ஆடப்படும் போர்களில் ஒன்று 1879-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட். அதில் சுவருக்குப் பின்னால் தவிப்பவர்கள் சுமார் 150 பிரிட்டிஷ் சிப்பாய்கள். சீட்டாக வந்து மோதுகிறவர்கள் ஆயிரக்கணக்கான சுலு வீரர்கள். யோசிக்கும் மனம் ஒரு பக்கத்துக்கு, அலையலையாய் வரும் எண்ணிக்கை மறுபக்கத்துக்கு. பாஞ்சாலங்குறிச்சியில் அதைத் திருப்பி வைக்க நியாயமான காரணம் இருக்கிறது, அது நம்மவர் என்ற பற்று மட்டும் அல்ல. கம்பெனியின் ஒவ்வொரு அசைவும் கடிதத்திலும் அறிக்கையிலும் பதிவாகியிருக்கிறது: எப்போது சுட்டார்கள், எப்போது உதவிப்படை கேட்டார்கள், எட்டயபுரத்து ஆட்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதெல்லாம். பதிவானதை விதியாக்கலாம், சீட்டில் எழுதலாம். கோட்டைக்குள் நடந்த யோசனை எதுவும் எழுத்தில் இல்லை. இன்று இரவு ஆட்களை மதில் பூச அனுப்புவதா, குழி தோண்ட அனுப்புவதா? ஈட்டிக்காரர்களை எத்தனை நாழிகைக்கு ஒருமுறை மாற்றுவது? இருட்டில் வெளியேறி முகாமைத் தாக்கலாமா? மனிதன் யோசிக்க வேண்டிய இடம் ஆவணம் காலியாக விட்ட இடம்தான். அந்த நாற்காலியில் அமர்ந்தால், அவர்கள் முன் இருந்த கேள்விகளாவது நமக்குக் கிடைக்கும்.

ஆட்டத்தை எளிய கணக்காகச் சுருக்கிப் பார்ப்போம். ஒரு தாக்குதல் வெல்ல மூன்று படி தாண்ட வேண்டும்: முள்வேலி, உடைப்பு, உட்பள்ளம். பகடையில் முதல் படிக்கு மூன்றில் இரண்டு, அடுத்த இரண்டுக்கும் இரண்டில் ஒன்று என்று வாய்ப்பு வைத்தால் மூன்றையும் தாண்டும் வாய்ப்பு ஆறில் ஒன்று. ஆறில் ஐந்து முறை கோட்டைதான் ஜெயிக்கும். ஆனால் கம்பெனி திரும்பவும் வரலாம். இரண்டு தாக்குதலுக்குள் கோட்டை விழும் வாய்ப்பு 31 சதவீதம், மூன்றுக்குள் 42, நான்குக்குள் 52. ஒவ்வொரு முறையும் ஆறுக்கு ஐந்து என்று உறுதியாக நிற்கும் கோட்டைகூட நான்காவது தாக்குதலுக்குள் விழுவதற்கே வாய்ப்பு அதிகம். கோட்டை ஒவ்வொரு முறையும் வென்றாக வேண்டும், முற்றுகையிட்டவனுக்கு ஒரு வெற்றி போதும். 1799 செப்டம்பர் 5-இல் பானர்மேனின் தாக்குதல் தோற்றது, 1801 மார்ச் 31-இல் மெக்காலேயின் தாக்குதல் தோற்றது. மே மாதம் கர்னல் அக்னியு கூடுதல் படையோடும் பெரிய பீரங்கிகளோடும் வந்தார். நம் கணக்கில் உடைப்பின் வாய்ப்பை மட்டும் இரண்டில் ஒன்றிலிருந்து ஆறில் ஐந்தாக உயர்த்தினால் மொத்த வாய்ப்பு 17 சதவீதத்திலிருந்து 28 ஆகிறது. பீரங்கி வந்ததும் எல்லாம் முடிந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும் அளவுக்கு அது பெரிய தாவல் இல்லை. மே 24 அன்றும் கோட்டை பிழைத்திருக்க இடம் இருந்தது.

எண்களை நீங்களே வைத்துவிட்டு அவற்றிலிருந்து நீங்களே முடிவு எடுக்கிறீர்களே, இது வட்டம் சுற்றுவது இல்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், இதற்கு மழுப்பலான பதில் கூடாது. ஆட்டம் தரும் 42, 52 என்ற எண்களை வரலாற்று உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்டத்தின் பலன் ஒப்பீட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒரு விதியை மட்டும் மாற்றினால் முடிவு எவ்வளவு அசைகிறது என்று பார்க்கலாம். முள்வேலியை எடுத்துவிட்டால் ஆறில் ஒன்று நான்கில் ஒன்றாகிறது. உட்பள்ளத்தை மூடி, அந்தப் படியின் வாய்ப்பை ஆறில் ஐந்தாக்கினால் 28 சதவீதமாகிறது. பெரிய பீரங்கி கொண்டுவந்த அதே உயர்வு. அதாவது மண்வெட்டியால் தோண்டிய ஒரு பள்ளம் கனத்த பீரங்கிக்கு ஈடாக நிற்க முடியும். தொடக்க எண்களை மாற்றி வைத்தாலும் இந்த வகை ஒப்பீடு தாக்குப்பிடிக்கிறதா என்று சோதிக்கலாம். தாக்குப்பிடிக்கவில்லை என்றால் வாதத்தைக் கைவிட வேண்டியதுதான். கதை வடிவத்தில் சொன்ன வரலாற்றில் இப்படித் தோற்றுப்போக வழி இல்லை. எத்தனை முறை ஆட வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. நூறு முறை ஆடினால் கிடைக்கும் சதவீதத்தில் முன்பின் பத்துவரை பிசகு இருக்கலாம். அதைப் பாதியாக்க நானூறு முறை ஆட வேண்டும். பத்து முறை ஆடிவிட்டு முடிவு சொல்பவரை நம்ப வேண்டாம்.

இன்னொரு மறுப்பு கனமானது. உயிர் விட்டவர்களைக் காயாக்கி உருட்டுவது அவமரியாதை, அவர்கள் தீரத்தைப் பகடையின் கையில் கொடுப்பது அதைவிட மோசம் என்பது அது. இந்த வருத்தம் உண்மையானது. தூக்கு மேடையில் நின்றவர்களின் பெயரோடு விளையாடுகிறோம் என்ற உணர்வு ஆடுபவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் பகடை தீரத்தைச் சிறிதாக்குவதில்லை. முடிவு முன்பே எழுதி வைத்தது என்றால் துணிச்சலுக்கு அங்கே வேலை இல்லை. வெள்ளைக்காரனின் பீரங்கிக்கு முன்னால் எப்படியும் தோற்றிருப்பார்கள் என்ற பேச்சுதான் அவர்களை உண்மையில் காயாக்குகிறது. முடிவு நிச்சயம் இல்லாத இடத்தில் நின்று, வாய்ப்பைத் தங்கள் பக்கம் ஒவ்வொரு படியாகத் தள்ளியவர்கள் என்று காட்டுவதுதான் அவர்களுக்குச் செய்யும் நியாயம். சான்றெல்லாம் எதிரி எழுதியது என்ற சந்தேகத்துக்கும் இங்கே ஓரளவு பதில் இருக்கிறது. தன் தோல்வியையும் தன் இழப்பையும் எழுதும்போது எதிரிக்குப் பெருக்கிச் சொல்ல ஆசை இருந்திருக்கலாம், அல்லது மறைக்க ஆசை இருந்திருக்கலாம். மதிலின் அடிக்கணக்கில் அந்த இரண்டு ஆசைக்கும் பெரிதாக வேலை இல்லை. ஆட்டம் அதிகம் நம்பியிருப்பது அந்த அடிக்கணக்கைத்தான். தனியாக ஆடுபவர் தனக்குச் சாதகமாக ஏமாற்றிக்கொள்வார் என்ற பயத்துக்கு ஒரு தாள் போதும்: சீட்டை எடுப்பதற்கு முன்பே, கோட்டைக்குள் அன்றைக்கு என்ன செய்வது என்ற முடிவை எழுதிவைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான விதி வெற்றி எது என்பது. பொதுவாகக் கோட்டை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று எழுதுவார்கள். மே 24 அன்று அக்னியுவின் ஆட்கள் உடைப்பில் ஏறி உள்ளே வந்தபோது, உள்ளே இருந்தவர்களில் பெரும்பகுதியினர் மறுபக்கமாகத் திரளாக வெளியேறிவிட்டார்கள். ஊமைத்துரை காயத்தோடு விழுந்துகிடந்தார். கம்பெனிக்காகத் தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம் பெண்கள் அவரைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தவன் என்று அழுது காப்பாற்றியதாக வெல்ஷ் கேட்டு எழுதியிருக்கிறார். பிழைத்த ஊமைத்துரை சிவகங்கை மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார். சண்டை காளையார்கோவில் காடுகளில் அக்டோபர் வரை நீண்டது. ஆகவே இந்த ஆட்டத்தில் கோட்டைத் தாளின் ஓரத்தில் ஒரு வாசல் வரைந்தாக வேண்டும். மதில் விழுந்த பிறகும் பகடை உருள வேண்டும். அந்த வாசல் வழியாக எத்தனை காய் வெளியே போனது என்பதைத்தான் கடைசியில் எண்ண வேண்டும்.